கள்ளப்பமும் இத்தாலிய ரொட்டியும்

பாலக்காட்டைச் சேர்ந்த சித்தூர்ப் பகுதி கள்ளுக்குப் பெயர் பெற்றது. அரைத்த அரிசி மாவில் சிறிது கள்ளைக் கலந்து வைத்தால் மாவு பொங்கும். அதில் சுடுவதே கள்ளப்பம். கள்ளில் வாழும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. நொதித்தல் உயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857 முதல் செய்த ஆய்வுகளால் நிலைநாட்டினார்.

இத்தாலிய ரொட்டியை எழுப்புவதும் இதே ஈஸ்ட்தான். அங்ஙனமாயின் அரிசி மாவு ரொட்டியாக எழும்பாதது ஏன்? கோதுமைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் என்னும் இழுபடும் வலையாகின்றன. வாயு அவ்வலையில் சிக்கி மாவை உயர்த்துகிறது. அரிசியில் குளூட்டன் இல்லை. ஆகவே அப்பத்தை வார்க்கிறோம், ரொட்டியைப் பிசைகிறோம்.

பிசையும் உழைப்பை ஏற்கவே ரொட்டிப் பொறி பிறந்தது. ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனத்தார் ஒசாகா நகர ஓட்டல் ஒன்றின் ரொட்டி வல்லுநரிடம் கைப்பக்குவத்தைக் கற்று, 1987-இல் தம் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தனர்.

செய்முறை எளிது. 300 மில்லிலிட்டர் நீர், 2 மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெய், 10 கிராம் உப்பு ஆகியவற்றை முதலில் இடுக. மேலே 500 கிராம் மைதாவைப் பரப்பி, நடுவே குழித்து 5 கிராம் உலர்ந்த ஈஸ்டை வைக்க. உப்பு ஈஸ்டை நேரே தொடலாகாது. பிறகு பொறியை இயக்குக.

எனினும் ஓர் எச்சரிக்கை. மூணாற்றுக் குளிரில் ஈஸ்ட் மந்தப்படும். அங்கு இளஞ்சூடான நீர் வேண்டும். பாலக்காட்டுக் கோடையில் மாவு விரைந்து பொங்கி அமுங்கிவிடும். அங்கு குளிர்ந்த நீரே நன்று. பொறி பிசையும், பருவமறிந்து நீரைத் தேர்வது நம் கடன்.