மலையகத் தோட்டங்களுக்கு மருத்துவ ஊழியம் செய்யப் போகிறீர்களா?

திருச்சபை வழியாக ஹட்டன், நுவரெலியா பக்கம் போகும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் சில குறிப்புகள்:

● இலவசச் சேவையென்றாலும் சுற்றுலா விசாவில் போகாதீர்கள். உங்களை அழைக்கும் சபை மூலம் உரிய விசா எடுங்கள். வெளிநாட்டு வைத்தியர் நோயாளியைப் பார்க்க இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவும் தேவை.

● மருந்துகளைப் பெட்டியில் அள்ளிப் போகாதீர்கள். கொண்டுவர முன்அனுமதி வேண்டும். பணமாகக் கொடுத்து அங்கேயே வாங்கச் சொல்லுங்கள்.

● தோட்ட நிர்வாகத்திடமும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையிடமும் முன்கூட்டியே பேசுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாருக்குப் பிரஷர், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

● காலையில் முகாம் போட்டால் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரமாட்டார்கள். வந்தால் அரைநாள் பேர் (அரைநாள் சம்பளம்) போய்விடும். கொழுந்தை எடைபோட்ட பிறகோ, ஞாயிறு ஆராதனை முடிந்தோ வையுங்கள்.

● இரத்தசோகை, பிரஷர், சீனி, முதுகுவலி மூன்றுநாள் முகாமில் தீராது. துண்டில் தமிழில் எழுதி, டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக் போன்ற இடங்களுக்கு அனுப்புங்கள். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ்.

● தோட்டத்தில் பெரும்பாலானோர் இந்துக்கள். மருந்துக்கு ஜெபத்தை நிபந்தனையாக்காதீர்கள். கேட்டால் மட்டும் ஜெபியுங்கள்.

● உள்ளூர் ஆட்களைப் பழக்குங்கள். 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிசெய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்து உள்ளூர் வைத்தியர்களை உருவாக்கினார்.

● ஸ்வெட்டர், குடை, வழுக்காத சப்பாத்து அவசியம். அட்டை கடித்தால் பிய்க்காமல் நகத்தால் தள்ளி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.