பிக் அப்: ஒரு சொல், ஆறு பொருள்

ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன்: 'மை ஃபாதர் வில் பிக் மீ அப் அட் ஃபைவ்.' வீட்டில் ஒடியா பேசும் மாணவி எழுந்து, "அப்பா என்னை அஞ்சு மணிக்குப் பொறுக்குவார் சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் ஆங்கில வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை.

தவறு என்னுடையது. 'பிக் அப் என்றால் பொறுக்கு' என்று ஒற்றைப் பொருளை எழுதிப்போட்டவன் நான்தான்.

அடுத்த வாரம், "இந்தச் சொல்லை எங்கெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ராயக்கோட்டைக்குத் தக்காளி ஏத்திட்டுப் போற வண்டி சார்."

"அம்மா கம்பெனி பஸ் ஏறுற பிக்கப் பாயிண்ட்."

"மாமா பைக்குல பிக்கப் இல்ல சார்."

உத்தனப்பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல் புதிதல்ல. ஆனால் தமிழ்ப் பேச்சில் 'பிக்கப்' பிரியாத ஒரே சொல். ஆங்கிலத்தில் அது வினையாகும்போது நடுவே 'மீ' வந்து உட்கார்ந்துவிடுகிறது. தெரிந்த சொல்லே அடையாளம் தெரியாமல் போனது அதனால்தான்.

உடன் வரும் சொல்லை வைத்துப் பொருளைப் பிரித்தோம்:

1. பேனா, புத்தகம்: கீழிருந்து எடுத்தல்
2. ஆள்: போய் அழைத்து வருதல்
3. ஃபோன்: அழைப்பை எடுத்தல்
4. வியாபாரம்: சூடுபிடித்தல்
5. சளி, காய்ச்சல்: தொற்றிக்கொள்ளுதல்
6. மொழி, பழக்கம்: பாடமாகப் படிக்காமல் பழகிக் கற்றல்

ஒரு விதியையும் சேர்த்தேன். 'பிக் அப் தி பென்', 'பிக் தி பென் அப்' இரண்டும் சரி. பெயருக்குப் பதிலாக 'இட்', 'மீ', 'ஹிம்' வந்தால் நடுவில்தான் வர வேண்டும். 'பிக் இட் அப்' சரி. 'பிக் அப் இட்' தவறு.

ஆறாவது பொருளுக்கு எடுத்துக்காட்டு கேட்டேன். தெலுங்கு, கன்னடம் என்று பலர் தொடங்கினார்கள். கடைசியில் அவள் எழுந்தாள்: "ஐ பிக்ட் அப் டமில் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்."

"நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தமிழே தெரியாமல் வந்த குழந்தை அவள். விளையாட்டில், சத்துணவு வரிசையில் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள். ஒரு மொழியைச் சூழலிலிருந்து கற்கும் வழி என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

'டேக் ஆஃப்', 'செட் அப்', 'டர்ன் ஆஃப்' ஆகியவற்றுக்கும் இதையே செய்து பாருங்கள். பொருளை எழுதிப்போடும் முன், குழந்தைகள் அதை எங்கே கேட்டார்கள் என்று கேளுங்கள். தவறான விடை வந்தால், சிரிக்காமல் அது எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.