தேர்தல் எப்போது தொடங்குகிறது?

தேர்தல் நடைபெறும் சனிக்கிழமைகளில் பெற்றோருடன் ஹோம்புஷ் வாக்குச்சாவடிக்குச் சென்றுவரும் எம் மாணவர்கள், தேர்தல் என்பது அந்த ஒரு நாள் நிகழ்ச்சியே என எண்ணக்கூடும். நீதிமன்றங்களோ அவ்வாறு கொள்வதில்லை. இதனை விளக்கும் இரு வழக்குகளை இங்கு நோக்குவோம்.

முதலாவது வழக்கு தமிழகத்தில் எழுந்தது. சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலில், சென்னைச் சட்டமன்றத்துக்கு நாமக்கல் தொகுதியிற் போட்டியிட முன்வந்தவர் என். பி. பொன்னுசாமி. அவரது வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி 1951 நவம்பரில் நிராகரித்தார். வாக்கெடுப்புக்கு முன்னரே நீதி வேண்டி அவர் சென்னை உயர் நீதிமன்றத்தையும், பின்னர் உச்ச நீதிமன்றத்தையும் நாடினார். 1952 ஜனவரி 21ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவரது முறையீட்டைத் தள்ளியது. அறிவித்தல் வெளியாவது முதல் முடிவு வெளியாவது வரை அனைத்தும் சேர்ந்ததே தேர்தல்; அதன் நடுவே நீதிமன்றம் தலையிடலாகாது; குறையுள்ளவர் தேர்தல் முடிந்தபின் மனுச் செய்யலாம் என்பதே தீர்ப்பு. மனு ஒவ்வொன்றுக்கும் வழக்கு எழுந்தால் எந்தத் தேர்தலும் உரிய காலத்தில் முடியாதன்றோ?

பொன்னுசாமியின் நிலையில் நின்று பார்த்தால் இது கடுமையாகவே தோன்றும். ஆயினும் இந்தியச் சட்டம் அத்தகையவரைக் கைவிடவில்லை. ஒருவரது வேட்புமனு தவறாக நிராகரிக்கப்பட்டது எனப் பின்னர் நிரூபணமானால் அத்தொகுதித் தேர்தலே செல்லாது. முடிவு மாறியிருக்கும் எனக் காட்டவேண்டியதுமில்லை. போட்டியிடாதவருக்கு எத்தனை வாக்குகள் கிடைத்திருக்கும் என எவரால் எண்ண இயலும்? ஆனால் மனுவை 45 நாட்களுக்குள் தாக்கல் செய்தல் வேண்டும்.

இரண்டாவது வழக்கு நாம் வாழும் அவுஸ்திரேலியாவினுடையது. இங்கு உயர் நீதிமன்றம் எனப்படுவதே நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். அதுவே கூட்டாட்சித் தேர்தற் பிணக்குகளையும் விசாரிக்கிறது. 1992 ஏப்ரலில் மெல்பேர்ணின் வில்ஸ் தொகுதி இடைத்தேர்தலிற் சுயேச்சையாக வென்றவர் பில் கிளியரி. அவர் விக்டோரிய அரசின் ஆசிரியர். சம்பளமற்ற விடுப்பில் இருந்தவர். வெற்றி அறிவிக்கப்படுமுன் பதவி விலகியும் இருந்தார். ஆனால் அரசின் ஊதியப் பதவி வகிப்பவர் தெரிவுசெய்யப்படத் தகுதியற்றவர் என்கிறது அரசியலமைப்பின் 44ஆம் பிரிவு. தெரிவு என்பது வேட்புமனுவுடனேயே தொடங்குகிறது, அன்று அவர் ஆசிரியரே என்று கூறி, 1992 நவம்பர் 25இல் நீதிமன்றம் அவரது தெரிவை ரத்துச் செய்தது. 1993 மார்ச்சில் அவரே மீண்டும் அத்தொகுதியில் வென்றார்!

அத்தீர்ப்பில் எம்மவர் கருத்திற் கொள்ளவேண்டிய பகுதி வேறொன்று. அதே தேர்தலிற் போட்டியிட்ட தொழிற்கட்சி, லிபரல் கட்சி வேட்பாளர்களும் தகுதியற்றோர் எனப்பட்டனர். ஒருவர் கிரேக்கத்திலும் மற்றவர் சுவிற்சர்லாந்திலும் பிறந்தவர்கள். நெடுங்காலம் அவுஸ்திரேலியப் பிரசைகளாக வாழ்ந்தும், பிறந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டிய நடவடிக்கைகளை அவர்கள் எடுத்திருக்கவில்லை. 2017 ஒக்டோபரில் இதே பிரிவினால் ஐவர் பாராளுமன்றத்தில் இடமிழந்தனர். துணைப் பிரதமர் பார்னபி ஜோய்சும் அவர்களுள் ஒருவர். அவர் பிறந்தது இங்கேதான்; நியூசிலாந்துக் குடியுரிமை தந்தை வழியாக வந்தது.

இந்தியாவிற் போலன்றி, இங்கு தேர்தல் அதிகாரி 44ஆம் பிரிவைக் காட்டி மனுவை நிராகரிக்க இயலாது. படிவம் முறைப்படி நிரப்பப்பட்டுள்ளதா என்றே பார்ப்பார். எனவே வேட்பாளரே முன்கூட்டி ஆராயவேண்டும். 2019இன் பின் வேட்புமனுவுடன் தகுதி விபரப் படிவமும் கட்டாயம். பெற்றோர், பாட்டன் பாட்டி எங்கு பிறந்தனர் என்பதும் அதிற் கேட்கப்படுகிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மதுரை என அங்கு எழுதப்போகும் பிள்ளைகள் எம் வகுப்புகளில் இன்றே அமர்ந்திருக்கக்கூடும்.