பழைய தாமரை விதையும் நம் குளிர் மலையும்



வீட்டுத்தோட்டப் பாடத்தில் கோவா, லீக்ஸ், கரட் என்று எழுதி வந்தோம். இம்முறை ஒரு பூவைப் பற்றி எழுதுகிறோம். கதிர்காமம் போய் வருகிறவர்கள் திஸ்ஸமகாராமைப் பக்கத்துக் குளத்துத் தாமரைக் காயைக் கையோடு கொண்டு வருவது வழக்கம். பிறகு அந்தக் கொட்டைகள் காய்ந்து கறுத்து, சாமிப் படத்துக்குப் பின்னாலோ பழைய பால்மா டின்னிலோ வருஷக்கணக்காகக் கிடக்கும். வீட்டைத் துப்புரவாக்கும்போது "இது செத்துப் போச்சு" என்று குப்பையில் கொட்டுவார்கள். சிலர் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு மாதக்கணக்காகப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். கொட்டை முளைக்காது, நுளம்புதான் முளைக்கும்.

நம்மிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். பழைய விதை முளைக்குமா? முளைத்தாலும் நம்ம குளிரில் பூக்குமா? முதல் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு, நீங்கள் எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

விதையின் வயது

தாமரைக் கொட்டையின் ஓடு மரம் போல இறுகினது. தண்ணீரும் காற்றும் இலேசில் உள்ளே போகாது. உள்ளே பச்சை நிறத்தில் சின்ன முளை மடங்கிப் படுத்திருக்கும். கொட்டையைப் பிளந்து தின்றவர்களுக்கு அந்தக் கசப்பு தெரியும். ஓடு திறக்கும் வரை அது அப்படியே தூங்கும்.

எத்தனை காலம் தூங்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. வடகிழக்குச் சீனாவில் புலாந்தியான் என்ற இடத்தில் வற்றிப்போன ஏரி ஒன்று இருக்கிறது. அதன் மண்ணுக்குள் கிடந்த தாமரை விதைகளை ஜப்பானிய அறிஞர் இச்சிரோ ஓகா எடுத்து முளைக்க வைத்தார். பின்னாளில் அதே ஏரி விதை ஒன்றை அமெரிக்காவில் ஜேன் ஷென் மில்லர் என்ற அம்மையார் முளைக்க வைத்து, 1995இல் அதைப் பற்றி எழுதினார். காபன் முறையில் வயது பார்த்தபோது அந்த விதைக்கு ஏறக்குறைய 1,300 வருஷம். வயதால் பழுதாகும் புரதத்தைச் சரிபண்ணும் ஒரு நொதியம் அந்த விதைக்குள் வேலை செய்தது என்றும் கண்டார்கள். ஓகா ஐயா 1951இல் ஜப்பானின் சீபா என்ற ஊரில் மண் தோண்டி மூன்று விதைகளை எடுத்தார். முதல் விதையைக் கண்டெடுத்தது கூடவே வேலை செய்த ஒரு பாடசாலை மாணவி. மூன்றில் ஒன்றுதான் செடியானது. அது 1952 ஜூலையில் பூத்தது. அந்த விதைக்கு 2,000 வருஷம் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

அப்படியிருக்க, உங்கள் டின்னில் பத்து வருஷம் கிடந்த கொட்டையைச் செத்தது என்று எப்படிச் சொல்வது? பூச்சி துளைத்ததையும் ஓடு வெடித்ததையும் மட்டும் ஒதுக்குங்கள். மீதியைத் தண்ணீரில் போட்டால் நல்ல கொட்டை பெரும்பாலும் அடியில் போய் உட்காரும். கடையில் சமையலுக்கு விற்கிற, தோல் உரித்த வெள்ளைக் கொட்டை முளைக்காது.

ஓட்டைத் திறப்பது எப்படி?

கவ்வாத்துக் கத்தி தீட்டுகிற அரம் போதும். கொட்டையின் ஒரு முனையில் சின்ன மூக்கு மாதிரி கூர் இருக்கும். மறுமுனை கொஞ்சம் தட்டையாக, நடுவில் ஒரு குழியோடு இருக்கும். அந்தக் குழி உள்ள முனையைத்தான் அராவ வேண்டும். கறுப்பு ஓடு போய், உள்ளே வெளிறிய நிறம் ஒரு மிளகு அளவுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலே போனால் பருப்பு காயப்பட்டு அழுகும். கொட்டை வழுக்கும், விரல் பத்திரம். சுத்தியலால் தட்டுவதோ வெந்நீரில் அவிப்பதோ வேண்டாம்.

அராவினதை ஒரு கண்ணாடிப் போத்தலில் நல்ல தண்ணீர் விட்டுப் போடுங்கள். ஒன்றிரண்டு நாளில் கொட்டை ஊதிப் பெருக்கும். ஊதாவிட்டால் ஓடு இன்னும் திறக்கவில்லை, இன்னும் கொஞ்சம் அராவுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். கலங்கி நாறினால் அந்தக் கொட்டை போய்விட்டது, எடுத்து வீசுங்கள், மற்றதையும் அது கெடுக்கும்.

சூடுதான் முக்கியம். முளைப்பதற்கு 25 முதல் 30 பாகை வரை சூடு நல்லது. நம் பீலித் தண்ணீர் அந்தச் சூட்டுக்குக் கிட்டவும் வராது. ஆகவே பகலில் போத்தலை வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். இரவில் அடுப்படித் திண்டில், நெருப்புக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். இந்தச் சூட்டில் ஒரு கிழமைக்குள்ளேயே பச்சை முளை எட்டிப் பார்க்கும். குளிரிலே விட்டால் வாரக்கணக்காக இழுக்கும், அழுகியும் போகும்.

முதலில் நூல் மாதிரித் தண்டு வந்து, காசு அளவு இலை தண்ணீரில் மிதக்கும். மூன்று நாலு இலை வந்து வெள்ளை வேர் கண்டதும் மண்ணுக்கு மாற்றலாம். ஓட்டை இல்லாத ஒரு பழைய பேசின் போதும், கறுப்பு நிறமாக இருந்தால் வெயிலை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும். அடியில் அரை அடி களிமண், அதன் மேல் நாலு விரல் தண்ணீர். தேயிலை மலை மண் புளிப்பு மண், அது தாமரைக்கு ஒத்துவராது. வயல் சேறு கிடைத்தால் உத்தமம். லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டை மட்டும் வெட்டாதீர்கள், மண்சரிவை நாமே கூப்பிட்டது மாதிரி ஆகும். பச்சைச் சாணமோ தேயிலைக்குப் போடும் உரமோ போட்டால் பிஞ்சு வேர் கருகிவிடும். முதல் இரண்டு மாதம் எந்த உரமும் வேண்டாம்.

குளிரும் பூவும்

இந்தப் பாடத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். பனியும் ஐஸும் விழுகிற சீனாவில் தாமரை பூக்கிறதே, நுவரெலியாவில் ஏன் கஷ்டம்? அங்கே மாரியில் ஏரி உறைந்தாலும், கிழங்கு சேற்றுக்குள் தூங்கிப் பிழைத்துக் கொள்கிறது. கோடை வந்தால் நல்ல சூடு, நீண்ட பகல், செடி எழும்பிப் பூத்துவிடும். நமக்கு அந்த மாதிரிக் கடும் குளிரும் இல்லை, அந்தக் கோடையும் இல்லை. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வருஷ சராசரி 16 பாகை அளவில்தான் நிற்கிறது. செடி சாகாது. ஆனால் பூப்பதற்குத் தேவையான சூடு சேர்வதில்லை.

எனவே உயரத்தைப் பார்த்து ஆசைப்படுங்கள். பதுளைப் பள்ளத்தில் தாராளமாகப் பூக்க வைக்கலாம். ஹட்டன், பண்டாரவளை உயரத்தில், தினமும் ஆறு மணித்தியாலம் நேர் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தால் முயன்று பார்க்கலாம். அதற்கு மேலே இலையோடு திருப்திப்பட வேண்டியதுதான். தாமரை இலையில் மழைத்துளி உருளுவதைப் பிள்ளைகள் பார்த்துக் கொண்டிருப்பதும் ஒரு சந்தோஷம்தானே.

மாசிக் கடைசியில் விதையை அராவினால் பங்குனி, சித்திரை வெயில் கிடைக்கும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் ஆனி முதல் மழையும் மூடுபனியும், ஆகவே அதற்கு முன்பே செடி பிடித்திருக்க வேண்டும். ஊவாப் பக்கத்தார் கொடுத்து வைத்தவர்கள், அந்த மாதங்களில் அங்கே வெயில். பேசினை வடக்குச் சுவரோரம், வாடைக்காற்று படும் இடத்தில் வைக்காமல், வெயில் பட்ட கல்லின் மேல் வையுங்கள். பீலியில் பிடித்த குளிர்ந்த தண்ணீரை அப்படியே ஊற்றாமல், வாளியில் பகல் முழுக்க வெயிலில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். விதையில் வந்த செடி முதல் வருஷம் பூக்காமல் போவது சகஜம்.

இரண்டு ஆபத்து

தவழும் பிள்ளை குப்புற விழுந்தால் நாலு விரல் தண்ணீரே உயிரை எடுக்கும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பேசினுக்கு மேல் பெரிய கண் உள்ள கம்பிவலையை இறுக்கிக் கட்டுங்கள், இலை அதற்கூடாக வரும். கட்ட முடியாதென்றால் பிள்ளை வளரும் வரை கொட்டை டின்னிலேயே இருக்கட்டும். அதற்குத்தான் அவசரமில்லையே.

மற்றது டெங்கு. நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பி.எச்.ஐ. ஐயா வந்து புழுவைக் கண்டால் பூவைக் காட்டித் தப்ப முடியாது. சூடான பக்கத்தில் நாலு கப்பி மீன் விடுங்கள், புழுவைத் தின்றுவிடும். உயர்ந்த மலையில் அந்த மீன் குளிர் தாங்காது. அங்கே கிழமைக்கு இரண்டு தடவை தண்ணீர் பொங்கி வழியும்வரை ஊற்றி, மேலே வரும் புழுவை வடித்தெடுத்துக் காய்ந்த தரையில் கொட்டுங்கள்.

இன்னொன்று. நீலத் தாமரை விதை, ஏழு நிறத் தாமரை விதை என்று படம் காட்டி விற்கிறார்கள். தாமரையில் வெள்ளை, சிவப்பு, ரோஸ் உண்டு, அமெரிக்க இனத்தில் மஞ்சள் உண்டு. நீலம் கிடையாது. நம் நாட்டின் தேசிய மலரான நீலோற்பலம் அல்லி இனம், அதன் விதை கசகசா மாதிரிப் பொடி. உருண்ட கறுத்த கொட்டையைக் காட்டி நீலம் என்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

குளிர் மாதத்தில் இலை பழுத்து விழுந்தால் செடி போய்விட்டது என்று பேசினைக் கவிழ்த்துவிட வேண்டாம். சேறு காயாமல் நாலு விரல் தண்ணீர் நிற்கட்டும். பங்குனி வெயிலில் கிழங்கு உயிரோடிருந்தால் தானாக இலை விடும்.