பட்சிகளுக்கும் நட்சத்திரங்களுக்கும் ஒரு பைனாகுலர்

பறவை பார்க்கும் ஆசையும் வானம் பார்க்கும் ஆசையும் ஒருங்கே உடையவர்கள் சென்னையின் தென்பகுதியில் வசிப்பது ஒரு பாக்கியம் என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் அடையாற்றின் முகத்துவாரமும், கிண்டி தேசியப் பூங்காவும், 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பும் நமக்கு வெகு அருகில் இருக்க, இங்கிலாந்தில் இருப்பவர்கள் காணவே இயலாத தென்வானத்தின் ஐசுவரியமும் நம் மொட்டை மாடிகளுக்கு மேல் விரிந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கருவிகள் வேண்டுமா என்று மயிலாப்பூர், மாம்பலம் நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. இரண்டு காரியங்களுக்கும் பல வருஷங்களாகப் பைனாகுலரைக் கையாண்டுவரும் அனுபவத்தில், ஒன்றே போதும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பைனாகுலரின் மேல் 8×42, 10×50 என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது முன்புற லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். வாங்கச் செல்பவர் மனம் இயல்பாக முதல் எண்ணையே நாடும். ஆனால் உருவத்தைப் பெருக்கும் கருவி கையின் நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெருக்கிவிடும். லஸ் அருகிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் இலைமறைவில் கிளைக்குக் கிளை தாவும் தையல்சிட்டைத் தேடும்போது அகன்ற பார்வைப் பரப்பே உதவுகிறது. மடங்கு ஏற ஏற அந்தப் பரப்பு பெரும்பாலும் குறுகிக்கொண்டே போகிறது. பள்ளிக்கரணையில் பட்சிகள் தொலைவில் நிற்பது மெய்தான். எனினும் வெயில் ஏறி நீர்ப்பரப்பின் மேல் கானல் அலையத் தொடங்கிவிட்டால், பன்னிரண்டு மடங்கு கருவியில் பூநாரையோடு அந்தக் கலக்கமும் சேர்ந்தே பெரிதாகிறது. ஆகையால் கையில் பிடித்துப் பார்ப்பவர்க்கு எட்டு மடங்கே உத்தமம்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கருவியிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×42-க்கு அது ஐந்தேகால் மில்லிமீட்டர். சட்டைப்பைக்கு அடங்கும் 8×21-க்கோ இரண்டரைக்குச் சற்று அதிகம். பகலில் சிறியதே போதுமானாலும், அந்தி மங்கிய பின் அது இருண்டுவிடும். இருட்டில் இளைஞரின் கண் பாவை ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் விரியும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தோடு நின்றுவிடும். எனவே வானம் பார்க்கச் சிறந்ததென்று புகழப்படும் 7×50 தரும் ஏழு மில்லிமீட்டர் ஒளியில் ஒரு பகுதி, நம்மில் மூத்தவர்களுக்கு வீணாகவே போகும்.

நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்று உலகம் முழுவதும் கையாளும் விகிதத்தை 1856-இல் வகுத்தவர் நார்மன் போக்சன். அவரே 1861-இல் சென்னைக்கு வந்து, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட வானாராய்ச்சி நிலையத்தில் தம் ஆயுளின் எஞ்சிய முப்பது ஆண்டுகளைக் கழித்தார் என்பதை நம் நகரத்தார் நினைவில் கொள்ளுதல் தகும். அவர் கணக்குப்படி ஒரு பிரகாசப் படிக்கும் அடுத்த படிக்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் லென்ஸ், முழுதும் விரிந்த வெறுங்கண்ணைக் காட்டிலும் முப்பத்தாறு மடங்கு ஒளியைச் சேகரிக்கிறது. அதாவது தியாகராயநகரின் விளக்கு வெளிச்சம் நம்மிடமிருந்து பறித்த படிகளில் நான்கை ஏறக்குறைய மீட்டுத் தருகிறது.

கடையில் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் புகழுரைகளை நம்பாமல் தாமே சோதித்தல் அவசியம். கருவியை ஓரடி தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கி, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தைக் கவனியுங்கள். அது முழு வட்டமாக இருந்தால் உள்ளிருக்கும் பட்டகம் நல்ல கண்ணாடியால் ஆனது. ஓரங்கள் வெட்டுண்டு சதுரம்போல் மங்கினால் மலிவானது. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள், லென்ஸிலிருந்து கண் பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் விலகியிருந்தாலும் முழுப் பரப்பும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சில நிமிஷம் பார்த்ததும் கண் வலித்தால் இரு குழல்களும் ஒரே நேரில் இல்லை என்று பொருள், அதை வாங்கலாகாது. மடங்கைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகையையும், செந்நிறம் மின்னும் லென்ஸ் பூச்சையும் தவிர்ப்பதே நலம். 1978 முதல் இயங்கிவரும் சென்னை இயற்கையாளர் சங்கம் போன்ற குழுக்களோடு ஒரு காலை நடந்தால், பலருடைய கருவிகளைக் கண்ணில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பும் கிட்டலாம்.

நம் கடலோர நகரத்தில் பைனாகுலருக்குப் பரம சத்துரு ஈரப்பதம். தோலுறையில் மூடி அலமாரியில் வைத்த கருவிக்குள் ஓரிரு மழைக்காலத்தில் பூஞ்சை படர்ந்துவிடும். படர்ந்தபின் அதைப் போக்குதல் எளிதன்று. ஆதலால் நைட்ரஜன் நிரப்பிக் காற்றுப் புகாமல் அடைத்ததையே வாங்கி, வீட்டில் இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருங்கள். பெசன்ட் நகர்க் கடற்கரைக்குக் கொண்டுசென்று வந்தால், மணலையும் உப்பையும் முதலில் ஊதி அகற்றிவிட்டு, அதன்பின்பே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

வானம் பார்க்கையில் மாடியின் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டால், வியாழனைச் சுற்றும் நான்கு சந்திரன்களும் அது காட்சி தரும் மாதங்களில் புலப்படும். தை, மாசி இரவுகளில் கார்த்திகைக் கூட்டமும், சித்திரை நள்ளிரவில் தெற்கே முப்பது பாகை உயரத்தில் மங்கிய பஞ்சுருண்டைபோல் ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் நட்சத்திரக் கொத்தும் தெரியும். சூரியனை மாத்திரம் ஒருபோதும் இதன் வழியே பார்க்கலாகாது. குழந்தைகள் கையில் கொடுக்குமுன் இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

மார்கழி விடியலில் நாலரை மணிக்கு வானத்தையும் ஆறு மணிக்கு முகத்துவாரத்துப் பட்சிகளையும் ஒரே கருவியால் பார்க்க விரும்புகிறவர், தம் சக்திக்கு உட்பட்ட நல்ல 8×42 ஒன்றை வாங்கினால் போதும். அது பல்லாண்டுகள் உழைக்கும்.