லித்தியம் மின்கலம்: வீட்டுப் பட்டறைக்கு ஒரு பாடம்

பொம்மசந்திரா தொழிற்பேட்டையைச் சுற்றிக் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் பள்ளிக் கண்காட்சி வந்துவிட்டால் போதும், பிள்ளைகள் கையில் சால்டரிங் அயர்ன் ஏறிவிடும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கியபின் எஸ்.பி. ரோடு கடைகளும் எட்டும் தூரத்தில் வந்துவிட்டன. ஆர்.வி. ரோட்டில் வண்டி மாறி சிக்பேட்டையில் இறங்கினால் மோட்டார், சக்கரம், லித்தியம் செல் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். ஆனால் சமையல், படுக்கை, பிள்ளையின் பட்டறை எல்லாம் ஒரே அறையில் நடக்கும் வீடுகள் நம்மில் பல. ஆகவே இந்தப் பாடம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும்தான்.

1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இரண்டு உலோகத் தகடுகள், நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் திரை, எளிதில் தீப்பற்றும் திரவம், எல்லாம் பாயைச் சுருட்டியது போல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். திரை கிழிந்தாலோ உருகினாலோ தகடுகள் தொட்டுக்கொள்ளும். அதில் பிறக்கும் வெப்பம் மேலும் வெப்பத்தைக் கிளப்பும். பிறகு நம் கையில் எதுவும் இல்லை.

பிள்ளைகள் பெரும்பாலும் வாங்குவது 18650 என்ற உருளைச் செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். பெயரளவில் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றவும் கூடாது, 3 வோல்டுக்குக் கீழே இறங்கவிடவும் கூடாது. நல்ல செல்லின் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர்-மணி அளவோடு நின்றுவிடும். 9900 என்று அச்சிட்டு மலிவாக விற்பவை பொய், வாங்காதீர்கள்.

பழைய லேப்டாப் பாட்டரியைப் பிரித்துச் செல் எடுப்பது நம் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. அதில் தவறில்லை. 2014-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய ஆய்வுக்கூடத்தார் இதையே செய்தார்கள். தூக்கிப்போட்ட லேப்டாப் பாட்டரிகளின் செல்களைக்கொண்டு ‘ஊர்ஜார்’ என்ற விளக்குப் பெட்டியைச் செய்து, பெங்களூரில் மின்வசதி குறைந்தவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வில் எடுத்த பாட்டரிகளில் குறைந்தது 70 விழுக்காடு, ஓர் எல்.இ.டி. விளக்கை நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓராண்டு எரிக்கும் தெம்போடு இருந்தன. கவனியுங்கள்: அவர்கள் ஒவ்வொன்றையும் அளந்து, தேறியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பாதுகாப்புச் சுற்றோடு சேர்த்தார்கள். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கவே கூடாது. 2.5 வோல்டுக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் செல்லில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு முள்போலப் படிந்து திரையைக் குத்தும். அதனால் ‘செத்த செல்லை எழுப்பும்’ வித்தைகளை வீட்டில் முயலவேண்டாம். பாட்டரியைப் பிரிக்கக் கத்தியும் திருப்புளியும் பாயும் இடத்தில் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. 18650 செல்லின் உடம்பு முழுவதும் எதிர்முனை. நேர்முனையை அதிலிருந்து பிரித்து வைப்பது மெல்லிய உறையும் ஒரு காகித வளையமும்தான். உறை கிழிந்த செல்லைச் சாவிக்கொத்தோடு சட்டைப் பையில் போட்டால் என்னாகும் என்று சொல்லவேண்டியதில்லை. செல்மேல் நேரடியாக ஈயம் வைக்கவும் கூடாது. சூடு உள்ளே இறங்கும். செல் ஹோல்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஹோல்டருக்குத்தான் சால்டரிங்.

சார்ஜ் ஏற்ற டி.பி. 4056 என்ற சிறு பலகை மலிவாகக் கிடைக்கிறது. இதில் இரண்டு வகை. செல்லுக்கு மட்டும் முனை உள்ளது ஒன்று. ‘அவுட்’ என்று தனி முனைகளும் பாதுகாப்புச் சுற்றும் உள்ளது மற்றொன்று. இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள். செல் அளவுக்கு மீறி இறங்காமல் அதுவே துண்டிக்கும். இந்தப் பலகை ஒரு ஆம்பியர் அனுப்பும். 18650-க்கு அது பொருந்தும். 300 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட சிறு பை வடிவச் செல்லுக்கு அது மூன்று பங்குக்கு மேல், பலகையிலுள்ள 1.2 கிலோ ஓம் மின்தடையை 5 கிலோ ஓம் ஆக மாற்றினால் 250 மில்லி ஆம்பியராகக் குறையும். தொடராக இணைத்த இரண்டு, மூன்று செல்களுக்கு இந்தப் பலகை உதவாது. ஒவ்வொரு செல்லையும் கழற்றித் தனித்தனியே ஏற்றுவதே பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிது. புதியதையும் பழையதையும் ஒன்றாகச் சேர்க்கவேண்டாம்.

சார்ஜ் ஏறும்போது மெத்தை, பாய், துணிமணி, கேஸ் சிலிண்டர் அருகே வேண்டாம். ஓடு அல்லது சிமெண்டுத் தரையில் வையுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது அறவே கூடாது. செல் உப்பினாலோ, இனிப்பு வாசனை வந்தாலோ, தொடமுடியாமல் சுட்டாலோ, சுவரில் மின்சாரத்தை நிறுத்துங்கள். புகை வந்தால் எல்லோரும் வெளியேறவேண்டும். அந்தப் புகை நஞ்சு. லித்தியம் என்றாலே தண்ணீர் ஊற்றக்கூடாது என்பார்கள். இந்தச் செல்களில் இருப்பது உலோகக் கட்டி அல்ல. மின்சாரத்தை நிறுத்தியபின், தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாம்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் சி.ஆர். 2032 என்ற பொத்தான் செல்லைத் திறந்து வைக்கவே வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். இந்த வகைச் செல்லுக்குச் சார்ஜும் ஏற்றக்கூடாது.

பயன் முடிந்த செல்லின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள், குப்பையோடு எரிக்கவேண்டாம். பொங்கலுக்குத் தர்மபுரி, சேலம் பஸ் ஏறும்போது பிள்ளை தன் ரோபோவைத் தாத்தாவுக்குக் காட்ட எடுத்துவந்தால், செல்களைக் கழற்றி பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள். விமானத்தில் போகிறவர்கள் உதிரிச் செல்களைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம். சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் அனுமதியில்லை.