வீட்டில் குஞ்சு பொரிக்கும்போது: முட்டைக்கும் நமக்கும் பாதுகாப்பு

உங்கள் வீட்டின் பின்புறம் நாலைந்து நாட்டுக்கோழிகள் வளர்க்கிறீர்களா? கெர்லிங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பலருக்கு அடை வைப்பது சின்ன வயதிலேயே பழகிய வேலை. அதை விட்டுவிடச் சொல்வதற்காக இந்தக் கையேடு எழுதப்படவில்லை. குஞ்சும் நன்றாகப் பொரிக்க வேண்டும், வீட்டில் யாருக்கும் நோயும் வரக்கூடாது. இரண்டுக்கும் வழி சொல்வதே இதன் நோக்கம்.

முட்டையைத் தேர்ந்தெடுத்தல்

சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டைதான் பொரிக்கும். கடையில் வாங்கும் முட்டை பெரும்பாலும் சேவல் இல்லாத பண்ணையிலிருந்து வருவதால் பொரிக்காது. இட்டு ஏழு நாளுக்கு மேற்படாத, கீறல் இல்லாத, சுத்தமான முட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கூரான முனை கீழே இருக்கும்படி, வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

அடை வைக்கும் முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் கிருமியைத் தடுக்கும் மெல்லிய பூச்சு இருக்கிறது; கழுவினால் அது போய்விடும். எச்சம் அதிகமாக ஒட்டியிருக்கும் முட்டையை அடைக்கு எடுக்காதீர்கள்.

எங்கே வைப்பது?

சிலர் பூனைக்கும் பாம்புக்கும் பயந்து, அடைக்கூடையைச் சமையலறை மூலையிலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்கிறார்கள். இதுதான் நாம் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம். ஆரோக்கியமாகத் தெரியும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது காய்ந்து தூசியானால் பாத்திரத்திலும் உணவிலும் படியும். மழை நனையாத, கம்பிவலை அடித்த கூண்டை வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

கூடையில் மணலோ உலர்ந்த புல்லோ பரப்புங்கள். ஒரு நாட்டுக்கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டை போதும். தீனியும் தண்ணீரும் அருகிலேயே இருக்கட்டும். அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை எழுந்து, தின்று, எச்சமிட்டுத் திரும்பும். அந்தக் கொஞ்ச நேரத்தில் முட்டை கெட்டுப்போகாது.

இடிக்குப் பயந்து கூடையில் இரும்புத்துண்டு வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் முட்டைக்கு நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. வைக்க விரும்பினால் துருப்பிடிக்காததாகப் பார்த்து வையுங்கள்.

இருபத்தொரு நாள் கணக்கு

கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். வாத்து முட்டைக்கு ஏறக்குறைய 28 நாள் ஆகும்.

மின்சாரப் பெட்டியில் பொரிக்க வைப்பவர்கள், காற்றாடி உள்ள பெட்டியில் வெப்பத்தை 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்க வேண்டும். 18ஆம் நாள் வரை ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று முறை முட்டையைத் திருப்புங்கள். அதன்பின் திருப்புவதை நிறுத்திவிட்டு, தட்டில் தண்ணீரைக் கூட்டி ஈரப்பதத்தை அதிகமாக்குங்கள். தாய்க்கோழி இருந்தால் இந்த வேலையெல்லாம் அதனுடையது.

ஏழாம் நாள் இரவு முட்டையை டார்ச் லைட் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்திவலை போல் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. எதுவும் தெரியாமல் தெளிவாக இருந்தால் அது கூமுட்டை.

அடையிலிருந்து எடுத்த முட்டையை "வீணாகப் போகிறதே" என்று சமைக்காதீர்கள். அது பல நாள் சூட்டில் இருந்தது, கிருமி பெருகியிருக்கும். பையில் கட்டி, நாய், பூனை தோண்டாதபடி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

ஓட்டில் துளை விழுந்த பிறகு குஞ்சு முழுதாக வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள். ரத்தம் கசிந்து குஞ்சு இறந்துவிடும்.

கைகளும் பேரப்பிள்ளைகளும்

குஞ்சைக் கண்டால் பிள்ளைகள் கையில் ஏந்தி முத்தமிடுவார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், நீரிழிவு போன்ற நோய் உள்ளவர்களுக்கும் சால்மோனெல்லா கடுமையாகத் தாக்கலாம். சின்னப் பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். முட்டை, கோழி, கூண்டு எதைத் தொட்டாலும் உடனே சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். கூண்டுக்குப் போகத் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வீட்டுக்குள் வராதீர்கள். தீனித் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு கண்டால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். மலத்தில் ரத்தம் இருந்தாலோ, தலைசுற்றிச் சோர்ந்தாலோ, மூன்று நாளில் குறையாவிட்டாலோ கிளினிக்குக்குச் செல்லுங்கள். வீட்டில் கோழி வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கோழி திடீரென்று செத்தால்

2007 ஜூன் மாதம், நம் சிலாங்கூரிலேயே, சுங்கை பூலோ அருகில் ஒரு கிராமத்தில் வீட்டுக் கோழிகளிடம் எச்5என்1 பறவைக்காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. சுற்றுப்புறத்துக் கோழிகளை அதிகாரிகள் அழிக்க வேண்டியிருந்தது. பெரிய பண்ணையில் மட்டுமல்ல, வீட்டுப் பின்புறத்திலும் இந்த நோய் வரும் என்பதற்கு இது சாட்சி.

ஒரே சமயத்தில் பல கோழிகள் செத்தாலோ, தலை வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்தாலோ, "சாவதற்குள் அறுத்துவிடுவோம்" என்று நினைக்காதீர்கள். அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும்தான் கிருமி மனிதருக்குத் தொற்ற அதிக வாய்ப்பு உண்டு. செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள், அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்காதீர்கள். மாவட்டக் கால்நடை சேவைத் துறை அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். அதன்பின் பத்து நாளுக்குள் உங்களுக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 999ஐ அழையுங்கள்.

ஒரு கோழி போனால் இன்னொரு அடை வைத்துக்கொள்ளலாம். உங்கள் உடல்நலம் அப்படியல்ல.